ஊருக்கு உபதேசம்

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஜெஃப்ரி சாசர். 14ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த இவர் இயற்றிய நூல் 'கேன்டர்பரி கதைகள்'. புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறையை வணங்கக் கேன்டர்பரி நகருக்குச் செல்லும் ஏறத்தாழ முப்பது யாத்திரிகர்கள், வழிநடைக் களைப்புத் தீரக் கதை சொல்வதாக இந்நூல் அமைந்துள்ளது. 1400ஆம் ஆண்டு சாசர் மறைந்தபோது நூல் நிறைவு பெறவில்லை. 24 கதைகளே நமக்குக் கிடைத்துள்ளன.

யாத்திரிகருள் ஒருவன் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன். அக்காலத்தில், மருத்துவமனை முதலிய அறப்பணிகளுக்குப் பொருள் உதவியவர்களுக்குத் திருச்சபையின் பெயரால் இத்தகைய சீட்டுகள் வழங்கப்பட்டன. அப்பணியைச் சிலர் தம் பிழைப்பாக்கிக் கொண்டனர். இவனும் அத்தகையவனே. பன்றியின் எலும்புகளைப் புனிதர்களின் எலும்புகள் என்று காட்டுவான். தலையணை உறையை அன்னை மரியாளின் முக்காடு என்பான். எளிய மக்கள் நம்பிக் காணிக்கை இடுவர். சிற்றூர்ப் பாதிரியார் ஒருவர் இரண்டு மாதங்களில் பெறுவதை இவன் ஒரே நாளில் ஈட்டிவிடுவான்.

வியப்பு யாதெனில், இவன் எங்குச் சென்றாலும் பொருளாசையின் தீமையைப் பற்றியே பேசுவான். தன் பேச்சு பிறர் திருந்துவதற்கன்று, தன் பை நிறைவதற்கே என்பதையும் உடன் வருவோரிடம் வெட்கமின்றிக் கூறுகிறான்.

அவன் சொன்ன கதை இது. தோழனைக் கொண்டுபோன சாவைக் கொல்வோம் என்று குடிகாரர் மூவர் புறப்பட்டனர். முதியவர் ஒருவர் காட்டிய மரத்தடியில் பொற்காசுக் குவியலைக் கண்டனர், சாவை மறந்தனர். உணவும் மதுவும் வாங்கிவர இளையவன் நகருக்குச் சென்றான். பொன் முழுவதும் தனக்கே வேண்டுமென்று மதுவில் நஞ்சு கலந்தான். காத்திருந்த இருவரோ, அவன் திரும்பியதும் குத்திக் கொன்றனர். பின்னர் அம்மதுவைப் பருகித் தாமும் மாண்டனர்.

கதை முடிந்ததும் அவன் தன் போலிப் பொருள்களைக் காட்டி, உடன் வந்த விடுதிக்காரரிடமே காணிக்கை கேட்டான். அவர் சினந்து மறுத்தார்.

அதே கூட்டத்தில் ஏழைப் பாதிரியார் ஒருவரும் இருக்கிறார். மழையிலும் இடியிலும் கைத்தடியுடன் நடந்து சென்று மக்களின் துன்பம் களைபவர். தாம் செய்து காட்டிய பின்னரே பிறருக்குக் கற்பிப்பவர். ஆகவே, சாசர் பழித்தது சமயத்தை அன்று, அதனை வாணிகமாக்கியவரையே.

'ஊருக்குத்தான் உபதேசம்' என்பது தமிழ்ப் பழமொழி. அவன் சொன்ன நீதி உண்மையானது. அதனை முதலில் கேட்டிருக்க வேண்டியவன் அவனே.

சிந்தித்து விடை எழுதுக
1. மூவரும் தாம் தேடிய சாவை எவ்வாறு அடைந்தனர்?
2. சீட்டு விற்பவனையும் ஏழைப் பாதிரியாரையும் ஒப்பிடுக.
3. தீயவர் கூறும் நல்லுரையை ஏற்கலாமா? காரணம் தருக.
4. பிரித்து எழுதுக: பொருளாசை, அறப்பணி.