விலையின் மீதி: ஓர் இளம் நிரலாளருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

பட்டயப் படிப்பு முடிந்த கையோடு கோயில்களுக்கும் சிறு கடைகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறாய். சேர்த்து வைத்த ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டில் ஒரு லினக்ஸ் மடிக்கணினி வாங்க ஆசைப்படுகிறாய். அதையும் பெரிய நிறுவனத்திடம் வாங்காமல், லினக்ஸுக்கென்றே கணினி செய்யும் சிறு தயாரிப்பாளரிடம் வாங்கலாமா என்று கேட்டாய். உன் வயதில் பினாங்கில் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது. அதனால் எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு தயாரிப்பாளர் விலையைக் குறைத்துக் கொடுத்தால், அந்த விலையின் மீதியை வாங்குகிறவர் தன் நேரத்தால் கட்டுகிறார். கட்டும் நேரம் உனக்குப் படிப்பாகத் திரும்பி வருமென்றால் தாராளமாக வாங்கு. வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கை அது கெடுக்குமென்றால் கொஞ்சம் பொறு.

நீ கேட்ட பைன்64 நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில், 15 டாலர் விலையில் ஒரு கணினிப் பலகை தருகிறோம் என்று பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கியவர்கள் அவர்கள். 2019இல் அவர்களுடைய பைன்புக் புரோ மடிக்கணினி வந்தது. 14 அங்குல முழு எச்டி திரை, உலோக உடல், ராக்சிப் ஆர்கே3399 சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு. விலை 199 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 800 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். இந்த விலை எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார்த்தால் உன் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கடை இல்லை, விளம்பரம் இல்லை, லாபமும் மிகக் குறைவு. உத்தரவாதம் 30 நாள். மென்பொருளை நிறுவனம் எழுதவில்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் எழுதினார்கள். முதலில் டெபியன், 2020 முதல் மஞ்சாரோ என்று கணினியோடு வந்த இயங்குதளமே மாறியது. 2021 வாக்கில் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, காசு வைத்திருந்தவர்களுக்குக்கூட நெடுநாள் அது கிடைக்கவில்லை. சிறு தயாரிப்பாளரின் சரக்கு தவணை தவணையாகத்தான் வரும். இன்று இருக்கும் மாதிரி, உதிரி பாகம் வேண்டிவரும் நாளில் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே பணத்தை எடு.

வேலை செய்யும் விதத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் பழகிய இன்டெல், ஏஎம்டி கணினிகளில் எந்த லினக்ஸை யுஎஸ்பியில் போட்டுச் செருகினாலும் பெரும்பாலும் ஓடும். தன்னிடம் என்னென்ன பாகங்கள் உள்ளன என்பதைக் கணினியே ஒரு பொது முறையில் இயங்குதளத்திடம் சொல்லிவிடுகிறது. பைன்புக் புரோவில் இருப்பது ஏஆர்எம் சில்லு. எந்தப் பாகம் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரு விவரக் கோப்பில் யாராவது எழுதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பில் ஒரு வரி தவறினால் ஒலி வராது, திரையின் ஒளியைக் குறைக்க முடியாது, மூடி வைத்த கணினி தூங்காமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

எந்தத் தொல்லையும் வேண்டாம் என்கிறவருக்கு இது பெரிய குறை. உனக்கு எப்படி என்று முடிவு செய்யுமுன் ஒரு பெண்ணின் கதையைக் கேள். ஆர்கே3399 சில்லில் இருப்பது மாலி வகை வரைகலைப் பகுதி. அதற்குத் திறந்த மூல இயக்கி முன்பு இருக்கவில்லை. எழுதத் தேவையான ஆவணங்களும் வெளியில் கிடைக்கவில்லை. அலிசா ரோசன்ஸ்வைக் என்ற மாணவி, அந்தச் சில்லுக்குள் போகும் கட்டளைகளையும் வெளிவரும் விளைவுகளையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு அதன் மொழியைக் கண்டறிய உழைத்தார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். அப்படிப் பிறந்த பான்ஃப்ராஸ்ட் இயக்கி 2019இல் லினக்ஸ் கெர்னலிலேயே இடம்பிடித்தது. படிப்பை முடிக்காத ஒருவர் முன்னின்று செய்த உழைப்பால்தான் பைன்புக் புரோவின் திரையில் வரைகலை ஓடுகிறது. விலையின் மீதியை உழைப்பால் கட்டியவர் அவர். பதிலுக்கு அவருக்குக் கிடைத்த அறிவை எந்தக் கல்லூரியும் கொடுத்திருக்க முடியாது.

சிறு தயாரிப்பாளர் என்றாலே மலிவு என்றும் எண்ணிவிடாதே. நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஆண்ட்ரூ ‘பன்னி’ ஹுவாங்கும் ஷான் கிராஸும் நொவீனா என்ற திறந்த வடிவமைப்பு மடிக்கணினியைச் செய்தார்கள். 2014இல் அதற்கு முன்பதிவு தொடங்கியபோது வெறும் பலகை 500 டாலர், முழு மடிக்கணினி 1,995 டாலர். சுற்று வரைபடம் உட்பட எல்லாவற்றையும் திறந்து வைப்பது, சிறு எண்ணிக்கையில் செய்வது இரண்டும் சேர்ந்தால் செலவு அங்கே போய் நிற்கும். பல்கேரியாவின் பிளொவ்திவ் நகரத்து ஒலிமெக்ஸ் வேறு வழி கண்டது. 2017இல் டெரெஸ் என்ற மடிக்கணினியை உதிரிகளாகவே பெட்டியில் போட்டு விற்றது. வாங்குகிறவரே திருப்புளி பிடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாகமும் தனியாகவும் கிடைத்தது. ஆக, மலிவு, திறப்பு, சௌகரியம் என்ற மூன்றும் ஒரே கணினியில் கூடி வருவது அரிது. எந்த இரண்டு வேண்டும் என்று நீதான் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இனி உன் நிலைமைக்கு வருகிறேன். உன்னிடம் வேறு கணினி இல்லையென்றால், முதல் கணினியாகப் பைன்புக் மாதிரி ஒன்றை வாங்காதே. பழைய திங்க்பேட் மடிக்கணினி ஒன்றை வாங்கி லினக்ஸ் போடு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் சில்லிலிருந்துதான் ஏற்கிறது. அதற்கு முந்தைய நல்ல கணினிகளை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. லினக்ஸுக்கு அவற்றில் ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 2018இன் டி480 மாதிரியைத் தேடு. நினைவகத்துக்கு இரண்டு செருகு இடங்கள், இரண்டு பேட்டரிகள். அவற்றில் ஒன்றைக் கணினியைத் திறக்காமலேயே கழற்றலாம். ஜார்ஜ்டவுனில் பழைய கணினிக் கடைக்குப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய யுஎஸ்பி ஒன்றைக் கையோடு கொண்டு போ. கடையிலேயே அதிலிருந்து தொடங்கச் சொல். வைஃபை, ஒலி, கேமரா, எல்லா விசைகளும் வேலை செய்கின்றனவா பார். மூடித் திறந்து தூங்கி எழுகிறதா பார். கீல் தளர்ந்திருக்கிறதா, பயாஸில் பழைய உரிமையாளரின் கடவுச்சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதே.

பிழைப்புக்கு ஒரு கணினி ஏற்கெனவே இருந்தால், சிறு தயாரிப்பாளரின் கணினி உனக்கு நல்ல பள்ளிக்கூடம். அப்போது இவற்றைக் கவனி. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மிகாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சார்ஜர், உதிரி பாகங்கள் இதில் வரலாம். அதற்கு மேல் விலையுள்ள கணினி வழக்கமான சுங்க நடைமுறையில் வரும். அஞ்சல் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே ‘மலிவு’ என்று சொல். சார்ஜரின் செருகி நம் மூன்று முனைத் துளைக்குப் பொருந்துமா, விசைப்பலகை எந்த அமைப்பு என்று முன்னதாகவே கேள். கணினி வந்த அன்றே பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகத்தையும் சோதி; 30 நாள் உத்தரவாதத்தில் முதல் வாரத்தை வீணாக்கக் கூடாது. இங்குள்ள கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது; நம் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. கடல் கடந்த சிறு நிறுவனத்திடம் இவற்றைக் காட்டி நியாயம் வாங்குவது கடினம். தொலைந்தாலும் தாங்கக்கூடிய பணத்தை மட்டும் இதில் போடு.

பயன்படுத்தும்போது எல்லையை அறிந்துகொள். 4 ஜிபி நினைவகத்தில் உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைக்க முடியாது. அந்த நெருக்கடியே நல்ல பாடம். நீ செய்யும் இணையத்தளம் இந்தக் கணினியில் தடையின்றி ஓடினால், உன் வாடிக்கையாளரின் பழைய கைப்பேசியிலும் பெரும்பாலும் ஓடும். புதிய இயங்குதளத்தை எஸ்டி கார்டில் போட்டுப் பார்த்த பிறகே உள் சேமிப்பில் ஏற்று. வேலையை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் கெர்னலைப் புதுப்பிக்காதே. நம் தீவின் ஈரக்காற்று மின்னணுக் கருவிகளுக்கு நல்லதல்ல. பல நாள் எடுக்காமல் வைக்கிறாய் என்றால் பாதி சார்ஜில் உலர்ந்த இடத்தில் வை. பைன்புக் புரோவுக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அதை நகர்த்தினால் ஹெட்போன் துளை வழியாக, கணினி தொடங்கும்போது தனக்குள் எழுதிக்கொள்ளும் செய்திகளை இன்னொரு கணினியில் படிக்கலாம். திரை கறுத்துப் போய் நிற்கும் நாளில் என்ன நடந்தது என்று அங்கேதான் தெரியும். இயந்திரம் தன் கோளாறைத் தானே சொல்வதைக் கேட்கப் பழகியவள் எந்தக் கணினிக்கும் அஞ்ச மாட்டாள்.

இதை இவ்வளவு வலியுறுத்த நம் ஊர் வரலாறும் ஒரு காரணம். 1969இல் ஜார்ஜ்டவுன் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது; ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ மின்னணு நிறுவனங்களைத் தேடி அழைத்து வந்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை வயல் நிலத்தில் எழுப்பியது. ஏஎம்டியும் ஹியூலெட்-பேக்கர்டும் உட்பட முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டு சாமுராய்கள் என்றே ஊர் சொல்கிறது. அந்தக் கூடங்களில் நுண்ணோக்கிக்கு முன் அமர்ந்து, முடியை விட மெல்லிய கம்பியால் சில்லை இணைத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். உன் பாட்டி தலைமுறையினர். அவர்கள் கைபட்ட சில்லுகள் உலகமெல்லாம் போயின. ஆனால் அந்தச் சில்லில் என்ன ஓட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வேறு ஊர்களில் இருந்தார்கள். உன் மேசைக்கு வரும் பைன்புக் போன்ற கணினியில் அந்த முடிவு உன் கையில் இருக்கும். கெர்னலின் மூல நிரல் திறந்திருக்கிறது. சுற்று வரைபடம் திறந்திருக்கிறது. அதைப் படிக்காமல் வெறும் மலிவுக்காக வாங்கினால் அரைப் பயன்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்பாய். தமிழிலிருந்தே தொடங்கு. ஐபஸ் மூலம் தமிழ்99 விசைப்பலகையை நிறுவு. நோட்டோ, லோகித் போன்ற தமிழ் எழுத்துருக்களைப் போடு. எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் நிரலகம் இருப்பதால் உலாவியிலும் லிப்ரெ ஆபிஸிலும் தமிழ் அழகாகவே வரும். பிறகு டெர்மினலைத் திறந்து ‘கொடி’ என்று எழுதிப் பார். பல டெர்மினல்களில் ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் சிதறும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்று ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைத்த முறை அது. அடுத்து, இயங்குதளத்தின் வட்டார அமைப்புப் பட்டியலில் மலேசியத் தமிழ் இருக்கிறதா என்று தேடு. தேதி, ரிங்கிட் குறியீடு, கிழமைப் பெயர்கள் எல்லாம் அந்தச் சிறு கோப்பில்தான் இருக்கும். இல்லையென்றால் எழுது. 1985இல் முத்து நெடுமாறன் இதே நாட்டில் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்; 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. தமிழ்க் கணிமைக்கு மலேசியத் தமிழர் உழைத்த வரிசை நீண்டது. அதில் உனக்கு இடம் காத்திருக்கிறது.

குறையைக் கண்டால் முணுமுணுத்துவிட்டு விடாதே, பிழையறிக்கை எழுது. எந்த மாதிரி, எந்தக் கெர்னல் பதிப்பு, என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, மறுபடி செய்தாலும் வருகிறதா என்ற ஆறையும் சுருக்கமாகச் சொல். ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு அனுப்பு. பதில் எழுதுகிறவர் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவராக இருக்கலாம். அவர் நேரத்தை மதித்து எழுது. எட்டுப் பேர் கொண்ட நிறுவனத்துக்கு ஒரு நல்ல அறிக்கை, இன்னும் ஒரு பொறியாளரை வேலைக்கு வைத்த மாதிரி.

செய்த வேலைக்குக் கூலி வாங்கவும் தயங்காதே. இலவச மென்பொருளில் செய்ததாயிற்றே என்று யாராவது விலையைக் குறைக்கச் சொன்னால், மென்பொருளுக்குத்தான் கட்டணம் இல்லை, உன் திறமைக்கு உண்டு என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல். அந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கை, உன் கணினியை ஓடவைக்கும் திட்டங்களில் ஒன்றுக்கு ஆண்டுக்கொருமுறை அனுப்பு.

இந்த மாதம் பழைய திங்க்பேடை வாங்கு. வேலைகள் நிலைத்து, அவசரத்துக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கிய பிறகு சிறு தயாரிப்பாளரின் கணினிக்குப் பதிவு செய். அது வந்து, அதில் நீ எழுதும் முதல் பிழையறிக்கையை அனுப்புமுன் எனக்குக் காட்டு. வரி வரியாக உட்கார்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்