அடித்துக்கொள்ளும் ஐவர்

கேள்வி: ஜப்பானிய ஐவர் படைத் தொடர்களில் எல்லாரும் ஒற்றுமையாகவேதான் இருப்பார்களா?
– வாசகர், பாறசாலை

பதில்: 1975-இல் ஷோதாரோ இஷினோமோரி உருவாக்கிய ‘கோரேஞ்சர்’தான் இந்த வகையின் தொடக்கம். சிவப்பு உடைக்காரர் தலைமை, மற்ற நால்வர் துணை. அந்த ஒழுங்கை 1991-இல் வந்த ‘ஜெட்மேன்’ உடைத்துப் போட்டது.

அதில் ரியூ ஒருவன்தான் பயிற்சி பெற்ற வீரன். மற்ற நால்வருக்கும் சக்தி தற்செயலாக வந்து விழுகிறது: ஒரு விவசாயி, ஒரு பள்ளி மாணவி, பணக்கார வீட்டுப் பெண் கஓரி, யாருக்கும் அடங்காத காய். கடமை கடமை என்று நிற்கும் ரியூவைக் காய்க்கு ஆகவே ஆகாது. போதாததற்குக் காய் விரும்பும் கஓரியின் மனமோ ரியூவிடம்! ஆனால் ஐவரின் எந்திரங்களும் இணைந்தால்தான் ராட்சத ரோபோ எழும். ஆகவே கோபித்துக்கொண்டு போனவனும் திரும்பி வந்தாக வேண்டும். எழுத்தாளர் தோஷிகி இனோவுவேயின் சாமர்த்தியம் இது. எதிரிகளோடு நடக்கும் சண்டையைவிட இவர்களின் உள்சண்டைதான் சுவாரசியம்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகளும் பார்த்திருக்கக்கூடிய ‘பவர் ரேஞ்சர்ஸ்’ (1993) இதே குடும்பம்தான். அதன் முதல் வரிசைச் சண்டைக் காட்சிகள் ‘ஜூரேஞ்சர்’ என்ற ஜப்பானியத் தொடரிலிருந்து எடுக்கப்பட்டவை. முகமூடி கழன்றதும் வருபவர்கள் அமெரிக்க நடிகர்கள்.