மைலேஜ் ஏன் குறைந்தது? எக்ஸெலில் கண்டுபிடிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எக்ஸெல் எல்லாம் ஆபீசுக்குத்தானே? வீட்டில் அதை வைத்து என்ன செய்வது?" கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்தான் இந்த மாதப் பாடம்.

2025 பொங்கலுக்கு மதுரைக்குப் போனபோது அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொண்டு போனேன். அப்பா ஓய்வு பெற்ற கணக்கர். பெட்ரோல் போடும்போதெல்லாம் டேங்கை நிரப்பி, பில்லின் பின்னால் மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதி, கிளிப்பில் மாட்டி வைப்பார். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை. "கார் பெட்ரோலைக் குடிக்குதுப்பா" என்றார். அத்தோடு நிற்கவில்லை. வெளியூர் போக நாங்கள் கூப்பிடும் ஆக்டிங் டிரைவர் அண்ணன் பெட்ரோலை எடுத்து விடுகிறாரோ என்று சந்தேகப்பட்டு, அக்டோபரிலிருந்து அவரைக் கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தார். எட்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்து கொண்டிருந்தவர் அவர்.

"அவரிடம் கேட்டீங்களாப்பா?" என்றேன். "அதை எப்படி வாய் விட்டுக் கேக்கிறது?" என்றார். பில் கட்டை எடுத்து வரச் சொன்னேன். அப்பா லேப்டாப்பில் கற்ற முதல் பாடம் அதுதான். நீங்களும் கூடவே செய்து பாருங்கள்.

அட்டவணை தயாரித்தல்

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க் ஷீட் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்யலாம். ஃபார்முலாக்கள் ஒன்றுதான். முதல் வரிசையில் ஏ1 செல்லில் தொடங்கி இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை, மைலேஜ், ஓட்டியவர், குறிப்பு.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பில்லுக்கு ஒரு வரிசை. அப்பாவின் முதல் பில்லில் கிலோமீட்டர் 48210. இது பி2 செல்லில். அடுத்த பில்லில் கிலோமீட்டர் 48642, பெட்ரோல் 27 லிட்டர். இவை பி3, சி3 செல்களில். இப்போது இ3 செல்லில் கிளிக் செய்து இதை டைப் செய்யுங்கள்:

=(பி3-பி2)/சி3

பி, சி என்று இங்கே தமிழில் தந்திருப்பதை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். என்டர் தட்டியதும் செல்லில் 16 என்று வரும். 432 கிலோமீட்டருக்கு 27 லிட்டர், அதாவது லிட்டருக்கு 16 கிலோமீட்டர். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் இருக்கும். அதன் மேல் மவுஸைக் கொண்டு போனால் பாயின்டர் கூட்டல் குறியாக மாறும். அப்படியே பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற வரிசைகளுக்கும் கணக்கு வந்து விடும். தசமப் புள்ளிக்குப் பின் நீளமாக எண்கள் வந்தால் ஹோம் டேபில் உள்ள டிக்ரீஸ் டெசிமல் பட்டனை அழுத்திக் குறைத்துக் கொள்ளுங்கள்.

மூன்று இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள்.

1. "#டிவ்/0!" என்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்த வரிசையில் லிட்டரை இன்னும் டைப் செய்யவில்லை என்றுதான் பொருள்.

2. புதிய லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கலாம். அப்போது செப்டம்பர் 5-க்காக நீங்கள் டைப் செய்யும் 05/09, மே 9 ஆகி விடும். 13/09 என்பது தேதியாகவே ஏற்கப்படாமல் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். செட்டிங்ஸில் ரீஜன் பகுதிக்குப் போய் இந்தியா என்று மாற்றி விட்டுத் தொடங்குங்கள்.

3. "ஐநூறு ரூபாய்க்குப் போடுங்க" என்று போட்டால் இந்தக் கணக்கு வராது. டேங்கை நிரப்புங்கள். பம்பு தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த முறையும் அதே இடம். இடையில் கொஞ்சம் போட்டிருந்தால் அந்த லிட்டரையும் அடுத்த ஃபுல் டேங்க் லிட்டரோடு கூட்டிக் கொள்ளுங்கள்.

ஒரு தடவை வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பம்பு சற்று முன்பின் நின்றாலே எண் மாறும். எச்5 செல்லில் =ஆவரேஜ்(இ3:இ5) என்று ஆங்கிலத்தில் டைப் செய்து கீழே இழுத்தால் மூன்று தடவைக்கான சராசரி கிடைக்கும்.

கோடு சொன்ன கதை

இ காலத்தில் உள்ள எண்களைத் தேர்வு செய்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு கோடு தோன்றும். எங்கள் கோட்டில் இரண்டு சரிவுகள் இருந்தன. 2023 டிசம்பரிலிருந்து 2024 ஜூலை வரை 16-லிருந்து 15.3-க்கு மெதுவாக இறங்கியிருந்தது. பிறகு ஒரே தாவலாக செப்டம்பரில் 12.8. அங்கிருந்து ஏறவே இல்லை.

ஓட்டியவர் காலத்தை நிரப்பச் சொன்னேன். அக்டோபரோடு டிரைவர் அண்ணனின் பெயர் நின்று விட்டது. நவம்பர், டிசம்பரில் அப்பா மட்டுமே ஓட்டியிருக்கிறார். அப்போதும் 12.7. பெட்ரோல் திருடு போயிருந்தால் அவர் நின்றதும் கோடு ஏறியிருக்க வேண்டுமே! அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

அப்படியானால் காரணம் என்ன? சர்வீஸ் பில்களைப் பார்த்துக் குறிப்பு காலத்தையும் நிரப்பினோம். ஆகஸ்ட் கடைசியில் "பின் பிரேக் ஷூ மாற்றியது" என்று இருந்தது. கோடு விழுந்தது அதற்கு அடுத்த பில்லில்.

பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தினோம். சக்கரத்தைத் தொடாமல், அருகில் கையைக் காட்டிப் பார்த்தேன். இடது பின் சக்கரம் மட்டும் நன்றாகச் சுட்டது. பிரேக்கை அதிகமாக இறுக்கி அட்ஜஸ்ட் செய்திருக்கிறார்கள். ஷூ டிரம்மில் உரசிக் கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சினின் உழைப்பில் ஒரு பகுதி அந்த உரசலுக்கே போய்க் கொண்டிருந்தது. வேறு மெக்கானிக்கிடம் காட்டி அட்ஜஸ்ட் செய்தோம். அடுத்த டேங்கில் 15.4.

மெதுவான முதல் சரிவுக்கு வேறு காரணங்கள். டயர்களில் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். நான்கிலும் 24-தான் இருந்தது. டிக்கியில் பழைய சாமான் மூட்டை வேறு. காற்றடித்து, மூட்டையை இறக்கியதும் 15.9.

எதற்கு எவ்வளவு பலன்?

அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்டுள்ள கணக்குகள் நமக்கும் உதவும்.

டயர் காற்று: நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாதபோது பாருங்கள்.

எஞ்சின் ஆயில்: கம்பெனி சொன்ன கிரேடு ஆயில் ஊற்றினால் 1 முதல் 2 சதவீதம் வரை பலன்.

சுமை: 45 கிலோ தேவையற்ற சுமைக்கு சுமார் 1 சதவீதம் போகும்.

ஆக்சிஜன் சென்சார்: இது கெட்டுப் போயிருந்தால், சரி செய்ததும் 40 சதவீதம் வரை கூட மைலேஜ் கூடலாம். மீட்டரில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

ஏர் ஃபில்டர்: மைலேஜ் குறைந்தது என்றதும் பலர் முதலில் மாற்றுவது இதைத்தான். அப்பாவும் நவம்பரில் மாற்றியிருந்தார். கோடு அசையவில்லை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனை முடிவும் இதுதான். ஃபியூயல் இன்ஜக்‌ஷன் உள்ள காரில், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடி எஞ்சினின் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்து விடுகிறது. அதனால் அடைத்த ஃபில்டர் வேகமெடுப்பதைக் கெடுக்குமே தவிர மைலேஜை அதிகம் தொடாது. கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் கதை வேறு. அங்கே பலன் தெரியும். எந்தக் காராக இருந்தாலும் எஞ்சினைத் தூசியிலிருந்து காப்பாற்ற, உரிய காலத்தில் ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

சாஃப்ட்வேரில் தவறு தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். காருக்கும் அதே விதி. பிரேக், டயர், ஆயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. அதேபோல் சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஓட்டிய மைலேஜை மார்கழியோடு ஒப்பிடாதீர்கள். போன வருடச் சித்திரையோடு ஒப்பிடுங்கள். அதற்காகவே ஃபைலை அழிக்காமல் கன்ட்ரோல், எஸ் கீகளை அழுத்தி சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு காப்பியும் வைத்திருங்கள்.

கோடு மெதுவாக இறங்கினால் டயரையும் சுமையையும் பாருங்கள். திடீரென்று விழுந்தால் அதற்குச் சற்று முன் காரில் என்ன வேலை நடந்தது என்று குறிப்பு காலத்தைப் பாருங்கள். மனிதர்களைச் சந்தேகப்படுவது அதற்கெல்லாம் பிறகு இருக்கட்டும்.

நான் ஊருக்குக் கிளம்பும் முன் அப்பா டிரைவர் அண்ணனுக்குப் போன் செய்தார். "தைப்பூசத்துக்குப் பழநி போகணும், வர முடியுமா?" என்று தொடங்கி, "உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்ப்பா" என்று முடித்தார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பில்லுக்கான வரிசையில், ஓட்டியவர் காலத்தில் அவர் பெயர் மறுபடியும் இருந்தது. டைப் செய்தது அப்பா.