செண்டுடோக்: தோட்ட ஓரத்துப் பூவும் அதன் இலையும்

மாணவர்களே, ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கமோ பத்து காஜா பக்கமோ போகும்போது சாலையோரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய ரப்பர் தோட்டத்தின் எல்லை, செம்பனை நடுவதற்காக வெட்டித் திறந்த சரிவு, ஈயம் எடுத்தபின் விடப்பட்ட குட்டையின் கரை போன்ற இடங்களில் ஆள் உயரத்துக்குக் கிளைத்து நிற்கும் ஒரு செடியைக் காணலாம். அதன் நுனிகளில் ஊதா நிறப் பூக்கள் மலர்ந்திருக்கும். மலாய் மொழியில் இதன் பெயர் செண்டுடோக்.

இதன் அறிவியல் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிகம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் இப்பெயரை வெளியிட்டார். கிரேக்க மொழியில் 'மெலஸ்' என்றால் கறுப்பு, 'ஸ்டோமா' என்றால் வாய். இதன் பழத்தைத் தின்றால் நாக்கும் உதடும் கருநீலமாகிவிடும். அதனால்தான் இந்தப் பெயர்.

செண்டுடோக் இந்த மண்ணின் சொந்தச் செடி. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இது இயற்கையாக வளர்கிறது. ரப்பர் மரமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னால் வந்த ரப்பர் பயிர் ஆனது. முன்பே இருந்த செண்டுடோக் களை ஆனது. ஆனால் உரம் போட்ட பயிரே திணறும் மண்ணில், யாரும் நீர் ஊற்றாத இந்தச் செடி எப்படி ஆண்டு முழுவதும் பூத்துக் காய்க்கிறது? பூவையும் இலையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூவில் இரண்டு வகைத் தாள்கள்

ஒரு பூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பறிப்பது நல்லது. ஒரு பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும். பெரும்பாலான பூக்களில் ஐந்து இதழ்கள் இருக்கும். நடுவில் உள்ள மகரந்தத்தாள்களை எண்ணினால் பத்து வரும். அந்தப் பத்தும் ஒரே மாதிரி இல்லை. ஐந்து சிறியவை, மஞ்சள் நிறம். மற்ற ஐந்தும் நீளமானவை, ஊதா நிறம், அரிவாளைப் போல் வளைந்தவை.

ஒரே பூவில் ஏன் இரண்டு வகை? இந்தக் கேள்வி சார்லஸ் டார்வினையே வாட்டியது. 1860களில் அவர் இக்குடும்பத்துச் செடிகளை வளர்த்துச் சோதித்தும் தெளிவான விடை கிடைக்கவில்லை. 1880களில் ஜெர்மானியச் சகோதரர்களான ஹெர்மன் முல்லரும் ஃபிரிட்ஸ் முல்லரும் ஒரு விளக்கம் தந்தார்கள். தாள்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவர்களின் கருத்து. மஞ்சள் தாள்கள் தேனீக்கு உணவு தருகின்றன. ஊதாத் தாள்கள் அடுத்த பூவுக்குப் போக வேண்டிய மகரந்தத்தைத் தேனீயின் உடலில் பூசுகின்றன. 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதே செண்டுடோக் பூவை வைத்துச் சோதித்து, இந்த வேலைப் பங்கீட்டுக் கருத்துக்கு ஆதரவான முடிவையே தந்தது.

இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்தைத் தவிரத் தேனீக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. எல்லா மகரந்தத்தையும் தேனீ தின்றுவிட்டால் செடிக்கு விதை இல்லை. எதுவுமே கொடுக்காவிட்டால் தேனீ வராது. கண்ணில் படும் மஞ்சளில் கொஞ்சம் கொடுத்து, இதழோடு இதழாக மறையும் ஊதாவில் மிச்சத்தைக் காப்பது இதற்கு நல்ல வழிதானே?

குலுக்கினால்தான் கிடைக்கும்

செம்பருத்திப் பூவைத் தொட்டால் மகரந்தம் விரலில் ஒட்டும். செண்டுடோக்கில் அப்படி ஒட்டாது. இதன் மகரந்தப்பை பிளந்து திறப்பதில்லை. நுனியில் ஒரு சின்னத் துளை மட்டுமே உண்டு. முகப்பவுடர் டப்பாவை நினைத்துப் பாருங்கள். கவிழ்த்துப் பிடித்தால் மட்டும் போதாது, குலுக்கினால்தான் தூள் விழும்.

குலுக்கும் வேலையைச் செய்வது தச்சன் தேனீ. கருப்பாக, பருத்து, 'கும்ம்' என்று பறந்து வரும் இதைப் பலர் கருவண்டு என்பார்கள். இது பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கையை அடிக்காமலேயே பறக்கும் தசைகளை மட்டும் வேகமாக அதிர வைக்கும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பீய்ச்சிக்கொண்டு வரும். இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர். தக்காளிப் பூவும் கத்தரிப் பூவும் இதே வகைதான். நாம் தேன் எடுக்கும் சாதாரணத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. தச்சன் தேனீ காய்ந்த மரத்தில் துளையிட்டுக் கூடு கட்டும். ஆகவே பட்டுப்போன கட்டைகளை எல்லாம் அகற்றிவிட்டால், அதன் விளைவு பூக்கள் வரை வந்து சேரும்.

இலைக்குள் ஓர் உலோகம்

இனி இலையைப் பாருங்கள். காம்பருகே தொடங்கி நுனி வரை மூன்று முதல் ஐந்து நரம்புகள் நீளவாக்கில் ஓடும். அவற்றுக்கிடையே ஏணிப்படிகளைப் போலக் குறுக்கு நரம்புகள் இருக்கும். தடவினால் சொரசொரப்பாக இருக்கும். இந்த இலைக்குள் இருப்பது அலுமினியம்.

பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கனுக்கு அடுத்து மிகுதியாக உள்ள தனிமம் அலுமினியம். ஏறக்குறைய எட்டு விழுக்காடு. சாதாரணமாக அது களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கும். நம் நாட்டின் கனமழை மண்ணிலுள்ள கால்சியம், மெக்னீசியம் முதலிய சத்துகளைக் கழுவிச் செல்வதால் மண் அமிலமாகிறது. பி.எச். அளவு 5க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து அயனிகளாக வெளிவருகிறது. அது வேர்நுனியின் வளர்ச்சியைத் தடுக்கும். பாஸ்பேட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பல பயிர்கள் அமில மண்ணில் குன்றிப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

செண்டுடோக் இந்த நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. உலர்ந்த இலை ஒரு கிலோவில் 1 கிராம் அலுமினியம் இருந்தாலே அச்செடியை அலுமினியச் சேகரிப்பி என்பார்கள். செண்டுடோக் இலையில் 10 கிராமுக்கும் மேல் பதிவாகியுள்ளது. ஜப்பானின் ஹொக்காய்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வேரிலிருந்து மேலே போகும் சாற்றில் அலுமினியம் சிட்ரேட்டுடன் இணைந்து பயணம் செய்கிறது. இலைக்கு வந்ததும் ஆக்சலேட்டுடன் இணைந்து தங்குகிறது. இப்படிப் பிணைக்கப்பட்ட நிலையில் அது செல்லுக்குக் கேடு செய்வதில்லை. மேலும், அலுமினியம் கிடைக்கும்போது இச்செடி இன்னும் நன்றாகவே வளர்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள். கேமரன் மலையில் நாம் பார்க்கும் தேயிலையும் இலையில் அலுமினியம் சேர்க்கும் செடிதான்.

ஓர் எச்சரிக்கை. இதன் இலையைக் காயத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் பயன்படுத்தும் பழக்கம் கிராமங்களில் உண்டு. இலையில் துவர்ப்புத் தரும் டானின் இருக்கிறது. ஆனால் அதே இலையில்தான் இவ்வளவு அலுமினியமும் இருக்கிறது. நீங்களாகக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம்.

ஒரே சாடை, வேறு செடி

ரப்பர் மர நிழலில் இதே நரம்பமைப்புடன், உடல் முழுக்க ரோமத்துடன் ஒரு செடி வளரும். பூ சிறியது, வெள்ளை. பழம் கருநீலம். அது செண்டுடோக் புலு. 'புலு' என்றால் மலாயில் ரோமம். ஒரே குடும்பம்தான், ஆனால் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவியது. ஹவாய்த் தீவுகளில் காடுகளையே கெடுக்கும் அளவுக்குப் பெருகியது. உள்ளூர்ச் செடி எது, ஊடுருவிய செடி எது என்று பிரித்தறியாமல் இரண்டையும் 'களை' என்ற ஒரே சொல்லில் அடக்குவது அறிவியல் ஆகாது.

களை என்றால் என்ன?

தொடக்க காலத்தில் ரப்பர் தோட்டங்களில் மண் தெரியும்படி களையெடுப்பதே ஒழுங்கான வேலை என்று கருதப்பட்டது. நம் தாத்தா பாட்டிமார் பலர் அந்த வேலையைச் செய்தவர்கள். சரிவுகளில் இருந்த நல்ல மேல்மண்ணை மழை அடித்துச் சென்றபின் தோட்ட நிர்வாகங்கள் முறையை மாற்றின. மண்ணை மறைக்க மூடுபயிர் வளர்த்தன. வெற்று மண்ணுக்கு ஒரு போர்வை வேண்டும் என்பதை அந்த அனுபவம் காட்டியது. வெட்டித் திறந்த நிலத்தில் செண்டுடோக் அந்தப் போர்வையாக முதலில் வருகிறது. இதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதைகளைக் கொண்டுபோய்ப் போடுகின்றன. பிறகு மரங்கள் உயர்ந்து நிழல் விழும்போது, வெயில் விரும்பியான செண்டுடோக் ஒதுங்கிக்கொள்கிறது. இப்படி முதலில் வரும் தாவரங்களை முன்னோடித் தாவரங்கள் என்கிறோம்.

பயிருக்கு நடுவே இதைப் பிடுங்குவதில் தவறில்லை. ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத சரிவிலும் ஆற்றோரத்திலும் மருந்தடித்துக் கருக்கினால், அடுத்த மழைக்கு மண்ணைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது.

செய்து பாருங்கள்

1. பள்ளி ஆய்வுக்கூடத்து இசைக்கவையைத் தட்டி, கறுப்புத் தாளின் மேல் பிடித்த பூவின் மகரந்தப்பையில் மெல்லத் தொடுங்கள். தூள் விழுகிறதா? மஞ்சள் தாளையும் ஊதாத் தாளையும் தனித்தனியே சோதியுங்கள்.

2. செண்டுடோக் வளரும் இடத்து மண்ணையும், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்து மண்ணையும் காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள். தெளிந்தபின் பி.எச். தாளால் அளந்து ஒப்பிடுங்கள்.

3. பழச்சாற்றில் சில துளிகளை வினிகரிலும் சோடா மாவுக் கரைசலிலும் விடுங்கள். நிறமாற்றத்தைக் குறித்துக்கொண்டு, காரணத்தைத் தேடுங்கள்.

சிந்தியுங்கள்: தாவரங்களைக் கொண்டு மண்ணைத் தூய்மையாக்கும் முறை பற்றி ஐந்தாம் படிவ உயிரியலில் படிக்கிறோம். செண்டுடோக் இலை உதிர்ந்து அங்கேயே மக்கினால், அதிலிருந்த அலுமினியம் எங்கே போகும்? அப்படியானால் மண் தூய்மையாக நாம் என்ன செய்ய வேண்டும்? விடையை எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.