பன்றிக்குட்டியும் பள்ளிக்கூடமும்



பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். ஏழைகளை ஒடுக்குவதும், வேலையாட்களின் கூலியை வஞ்சிப்பதும் அவற்றில் இரண்டு. கடனுக்காக ஒரு சிறுமியை வேலைக்கு வைத்தால் இரண்டும் ஒருங்கே வந்துசேருகின்றன. நேபாள தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அதன் மேற்குச் சமவெளியில் தாரு என்னும் குடிகள் வாழ்கிறார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி முற்காலத்தில் வேற்றார் அங்கே அதிகம் குடியேறவில்லை. 1950-களுக்குப் பின் மருந்து தெளித்துக் கொசுவை ஒடுக்கியதும், மலைநாட்டார் இறங்கிவந்து நிலங்களைக் கைப்பற்றினார்கள். பத்திரமில்லாத தாருக்களில் பலர் சொந்த மண்ணிலேயே கடன்பட்ட பண்ணையாட்களானார்கள். இவர்களைக் கமையா என்றும், வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளைக் கம்லரி என்றும் அழைத்தார்கள். நாம் பொங்கலிடும் அதே நாட்களில் அவர்களுக்கு மாகி திருநாள். அப்போதுதான் தரகர் வருவார். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையைக்கூட ஒரு வருஷத்துக்குப் பேசி, தகப்பன் கையில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து அழைத்துப்போவார்கள். படிக்கவைப்போம் என்ற வாக்கும் கொடுப்பார்கள். பெரும்பாலும் அடுப்படிதான் பள்ளிக்கூடமாயிற்று.

2000-ஆம் வருஷம் அரசாங்கம் கமையா முறையை ஒழித்தது. விடுதலையான குடும்பங்கள் பலவற்றுக்கு நிலம் கிடைக்கவில்லை. ஆகையால் பெண்பிள்ளைகள் போவது நிற்கவில்லை. அந்தத் தகப்பன்மாரைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவது நமக்கு எளிது. நம் வீட்டுக் குதிரில் நெல் இருக்கிறது.

அவ்வருஷமே டாங் மாவட்டத்தில் ஓல்கா மர்ரே என்னும் அமெரிக்க மாதின் தர்ம நிறுவனம் ஓர் உபாயம் செய்தது. பிள்ளையை அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ஒரு பன்றிக்குட்டி அல்லது ஆடு. அதை வளர்த்து விற்றால், மகளை அனுப்பி வாங்கும் தொகை ஏறக்குறையக் கிடைத்துவிடும். பள்ளிச் செலவையும், இரவில் படிக்க மண்ணெண்ணெயையும் நிறுவனமே ஏற்றது. பன்றிக்குட்டியா என்று சிலர் சிரிக்கக்கூடும். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இவ்விதம் மீண்டதாக அந்நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. மீண்டவர்களே ஊர் ஊராய்ப் போய் நாடகம் நடத்தி, ஊர்வலம் சென்று, மற்றப் பெற்றோரைத் தடுத்தார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றமும், 2013-ல் அரசாங்கமும் கம்லரி முறை செல்லாது என்று அறிவித்தன. இதுவும் அவசியமே. ஆனால் சட்டம் அரிசி வாங்கிக் கொடுக்காது.

அர்ச். சின்னப்பர் பிலேமோனுக்கு எழுதிய சின்னஞ்சிறு நிருபத்தை எடுத்து வாசியுங்கள். ஒனேசிமுஸ் என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும்போது, அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று சொல்வதோடு அப்போஸ்தலர் நிற்கவில்லை. அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதச் சொல்லி, தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதித் தருகிறார். அதுவும் சிறையிலிருந்துகொண்டு!

நம் தேசத்திலும், 2016-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது குற்றம். 'எங்கள் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிறோம்' என்பீர்களானால், உங்கள் பிள்ளை காலை ஒன்பது மணிக்கு எங்கே இருக்கிறது?

உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை இருந்தால், பூசை முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் தெரிவியுங்கள். சபையாரும் அவ்வீட்டுக்குப் போகும்போது, கடன் எவ்வளவு, யாரிடம் என்பதை முதலில் விசாரிக்கவேண்டும். புத்திமதி பிறகு சொல்லலாம்.