தடுப்புச் சுவருக்கு மேலே ஒரு விரற்கடை

பத்தாம் வகுப்பு மாணவியர் கட்டுரை

“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்” என்பது பழமொழி. ஆனால் சுவர்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வீட்டைத் தாங்கும் சுவர் ஒன்று. வீட்டைப் பிரிக்கும் சுவர் மற்றொன்று. முன்னது மேல்தளத்தின் பாரத்தைத் தன் தலையில் வாங்கி அடித்தளத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. பின்னதோ தன் எடையை மட்டும் சுமந்து நின்று, ஓர் அறையை இரண்டாக்குகிறது. இதனையே தடுப்புச் சுவர் என்கிறோம்.

எங்கள் புளியந்தோப்பில் தடுப்பின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இரவுப் பணி முடித்து வந்த அப்பா பகலில் உறங்க வேண்டும். அம்மா சமைக்க வேண்டும். தம்பிக்குத் தொலைக்காட்சி வேண்டும். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு அமைதியான ஒரு மூலை வேண்டும். இவை அனைத்தும் ஒரே அறைக்குள் நடைபெறும் வீடுகள் இங்கே பல. ஆறு அடி அகலத்தில் ஒரு பலகைத் தடுப்பு வந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஓர் உலகமே கிடைத்துவிடுகிறது. அந்தத் தடுப்பைப் பொருத்தும் முறையில் ஓர் அறிவியல் உண்டு. அதனை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: தடுப்புச் சுவர் சாயாமல் நிற்க வேண்டும், ஆனால் மேலே உள்ளதைத் தாங்கக் கூடாது. இதன் காரணத்தை இனிக் காண்போம்.

கட்டடம் அசையுமா?

அசையாத பொருளுக்கு உவமையாகக் கட்டடத்தைச் சொல்வார்கள். உண்மையில் ஒவ்வொரு கட்டடமும் நம் கண்ணுக்குத் தெரியாமல் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. வெப்பம், ஈரம், பாரம் ஆகிய மூன்றுமே அதற்குக் காரணங்கள்.

முதலாவது வெப்பம். எஃகு 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு நீளும். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் ஒன்று, விடியற்காலைக் குளிரிலிருந்து நண்பகல் வெயிலுக்குள் 30 டிகிரி சூடேறுவதாகக் கொள்வோம். 13,000 மி.மீ.-ஐ 30-ஆலும் 12-ஆலும் பெருக்கிப் பத்து இலட்சத்தால் வகுத்தால் 4.68 மி.மீ. கிடைக்கும். அக்காலத்தில் பேசின் பிரிட்ஜ் வழியே ரயில் போகும்போது ‘தடக் தடக்’ என்று கேட்ட ஓசை, தண்டவாளங்களுக்கு இடையே விட்டிருந்த இந்தச் சிறு இடைவெளியால் எழுந்ததுதான். கான்கிரீட்டும் கிட்டத்தட்ட எஃகின் அளவுக்கே நீளும். ஆகவே மொட்டைமாடித் தளமும் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது.

இரண்டாவது ஈரம். மரத்தின் குணத்தை இங்கே நன்கு அறிய வேண்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. பச்சை மரம் முற்றிலும் காய்ந்தாலும் அதன் நீளம் ஆயிரத்தில் 1 அல்லது 2 பங்குதான் குறையும். ஆனால் அகலவாக்கில் பல மரங்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சுருங்கும். தேக்கு இவ்விதத்தில் அடக்கமான மரம். நிலைக்கும் கதவுக்கும் பெரியவர்கள் தேக்கைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும் கதவு, சித்திரை வெயிலில் தானே தளர்ந்துவிடுவதை எல்லாரும் கண்டிருக்கிறோம்.

நல்ல தச்சர் கதவு செய்யும் விதத்தை உற்றுக் கவனித்தால் ஒரு நுட்பம் புலப்படும். கதவின் சட்டங்களில் காடி எடுத்து, நடுப்பலகையை அந்தக் காடிக்குள் செருகுவார். அந்தப் பலகையை அவர் ஒட்டுவதும் இல்லை, ஆணி அடிப்பதும் இல்லை. மழைக்காலத்தில் பலகை காடிக்குள் விரிந்துகொள்ளும், கோடையில் சுருங்கிக்கொள்ளும். சட்டம் பலகையை விழாமல் பிடிக்கிறது; ஆனால் அசையாமல் பூட்டவில்லை. தடுப்புச் சுவரின் தத்துவமும் இதுவே.

மூன்றாவது பாரம். மேல்தளத்தில் ஆட்கள், அலமாரி, தண்ணீர்த் தொட்டி என்று எடை ஏற ஏற உத்தரம் நடுவில் சற்றே வளையும். மரமும் கான்கிரீட்டும் ஆண்டுகள் செல்லச் செல்ல இன்னும் சிறிது தாழும். இது குறையன்று, இயல்பு. நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலாகிய ஐ.எஸ். 456 (2000) இதற்கு எல்லையும் வகுத்துள்ளது. தடுப்புச் சுவர் எழுப்பி, பூச்சு முதலிய மேல்வேலைகள் முடிந்த பின்னர் ஏற்படும் வளைவு, உத்தர நீளத்தில் 350-இல் ஒரு பங்கு, அல்லது 20 மி.மீ., இவற்றுள் எது குறைவோ அதனைப் பொதுவாக மிஞ்சலாகாது. அறையின் குறுக்கே 3.5 மீட்டர் நீளமுள்ள உத்தரத்திற்குக் கணக்கிட்டால் 10 மி.மீ. வருகிறது. விதிப்படி ஒழுங்காகக் கட்டிய வீட்டிலேயே மேல்தளம் ஒரு சென்டிமீட்டர் வரை தாழ இடம் உண்டு என்பது இதன் பொருள்.

இறுக்கினால் வரும் கேடு

இப்போது தடுப்புச் சுவரை நினைத்துப் பாருங்கள். அதனைத் தளத்தின் அடிவயிறு வரை எழுப்பி, மேலே ஆப்பு அடித்து இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? தளம் தாழும்போது தன் பாரத்தை அந்தச் சுவரின் தலையில் இறக்கும். நாலரை அங்குலச் செங்கல் தடுப்பானால் பிளக்கும், பூச்சு உதிரும். பலகைத் தடுப்பானால் நடுவில் பிதுங்கும். அதிலுள்ள கதவு பூட்டாது. தடுப்பின் கீழே தனி அடித்தளம் இல்லாமையால், தாங்கவேண்டாத பாரம் தாங்கமுடியாத தரையின்மேல் விழும். தண்டையார்பேட்டையிலோ தியாகராய நகரிலோ, எங்கே கட்டினாலும் பலன் இதுவே.

இதனால்தான் நல்ல கொத்தனார்கள் தளத்தின் முட்டுகளைப் பிரித்த பிறகு, கூடுமானவரை காலம் தாழ்த்தித் தடுப்பை எழுப்புகிறார்கள். அதன் தலைக்கும் உத்தரத்திற்கும் இடையே சிறிது இடைவெளி விட்டு, அதனை அமுங்கக்கூடிய பொருளால் நிரப்புகிறார்கள். கட்டடங்களில் விரிசல் ஏற்படும் காரணங்களையும் தடுக்கும் வழிகளையும் விளக்கும் எஸ்.பி. 25 என்னும் கையேடு 1984-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் வெளிவந்துவிட்டது.

பழைய மாடி வீடுகள்

இராயபுரம், மண்ணடி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் பழைய தளங்களை இன்றும் காணலாம். சுவருக்குச் சுவர் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகளை இட்டு, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களை நிறுத்தியவாறு மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டி இறுக்கி, தட்டை ஓடு பதிப்பார்கள். இத்தகைய தளத்தில் மரமே எலும்பு. வெப்பம், ஈரம், பாரம் மூன்றும் அதனைத் தொடும்.

இவ்வீடுகளில் ஒரு வசதி உண்டு. அண்ணாந்து பார்த்தாலே, தாங்கும் சுவர் எது, பிரிக்கும் சுவர் எது என்று பெரும்பாலும் அறியலாம். கட்டைகளின் முனைகள் எந்தச் சுவரில் அமர்ந்திருக்கின்றனவோ அது தாங்கும் சுவர். அதில் கை வைக்கவே கூடாது. கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவர் பொதுவாகப் பாரம் தாங்குவதில்லை. ஆயினும் எந்தச் சுவரையும் இடிக்குமுன் பொறியாளரைக் கேட்பதே அறிவுடைமை.

கடல் கடந்த தமிழர் வீடுகளில்

தளம் மட்டுமன்றி வீடு முழுவதும் மரச் சட்டத்தால் அமைந்திருந்தால் இந்தப் பாடம் இன்னும் தெளிவாக விளங்கும். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து பெருந்தொகையான தமிழர் கனடாவின் டொராண்டோ நகரிலும் அதன் ஸ்கார்பரோ பகுதியிலும் குடியேறினர். அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்ட வீடுகளே. வெளியே செங்கல் தெரிந்தாலும் அது பெரும்பாலும் போர்வைதான்; பாரம் தாங்குவது உள்ளே உள்ள மரம்.

அவ்வீடுகளில் சிலவற்றில் மாரிக்காலத்தில் ஒரு விந்தை நிகழும். உட்கூரைக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே கோடுபோல ஒரு பிளவு தோன்றும். கோடை வந்ததும் மூடிக்கொள்ளும். காரணம் கூரையின் முக்கோணச் சட்டங்களில் இருக்கிறது. அவற்றின் கீழ்க்கட்டை, வெப்பம் காக்கும் கம்பளி நாருக்குள் புதைந்து, வீட்டின் சூட்டால் உலர்ந்து சுருங்குகிறது. மேற்கட்டைகளோ குளிரில் ஈரம் ஏற்று நீள்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து சட்டத்தை வில்போல மேல்நோக்கி வளைக்கின்றன. உட்கூரைப் பலகையும் உடன் எழும்புகிறது. தடுப்பைச் சட்டத்தோடு ஆணியால் இறுக்கியிருந்தால் அதனையும் பிடுங்க முயல்கிறது.

இதற்கு அங்குள்ள தச்சர்கள் கண்ட தீர்வு மிக எளியது. தடுப்பின் தலைக்கட்டையையும் கூரைச் சட்டத்தையும் எல் வடிவத் தகடுகளால் இணைக்கிறார்கள். தகட்டில் வட்டத் துளைக்குப் பதில் மேலும் கீழுமாக நீண்ட துளை இருக்கும். அதில் ஆணியை முழுவதும் அடித்து இறுக்காமல் விடுவார்கள். சட்டம் மேலே போகலாம், கீழே வரலாம். தடுப்பு பக்கவாட்டில் மட்டும் சாயாது. மேலும், உட்கூரைப் பலகையைச் சுவர் ஓரத்தில் ஏறக்குறைய 40 செ.மீ. தொலைவுக்குச் சட்டத்தோடு ஆணியடிக்காமல், தடுப்பின் தலையிலேயே பொருத்துவார்கள். சட்டம் எழும்பினாலும் பலகை மெல்ல வளைந்து கொடுக்கும், மூலை பிளக்காது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கே பல இடங்களில் ஈரம்பட்டால் உப்பும் களிமண் இருப்பதால், நிலவறையின் தரையே மேலே எழும்பும். ஆகவே தடுப்பை மேலிருந்து தொங்கவிட்டு, இடைவெளியைக் கீழே விடுகிறார்கள். எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும் என்பதே விதி.

நம் வீட்டில் செய்யும் முறை

பலகைத் தடுப்பு போடும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. அடிக்கட்டையைத் தரையில் திருகாணியால் உறுதியாகப் பொருத்த வேண்டும்.

2. தடுப்பின் தலையைத் தளத்திற்கு 1 முதல் 1.5 செ.மீ. வரை தாழ்வாக நிறுத்த வேண்டும். ஆப்பு அடித்தல் கூடாது.

3. தளத்தின் அடியில் இரண்டு மெல்லிய சட்டங்களைக் காடிபோல இணையாகப் பொருத்தி, தடுப்பின் தலையை அவற்றின் நடுவே நுழைத்து நிறுத்தலாம். அல்லது நீள்துளையுள்ள எல் வடிவத் தகட்டைப் பயன்படுத்தலாம். திருகாணி துளையின் நடுவில் நிற்க வேண்டும், நெரிக்கக் கூடாது.

4. இடைவெளி வழியே ஓசையும் பூச்சியும் வராதிருக்க ரப்பர் அல்லது நுரைப் பட்டை வைக்கலாம். சமையல் இடத்திற்கு அருகில் தீப்பிடிக்காத கம்பளி நாரே தக்கது. சிமெண்டு பூசி அடைத்தால் பயனில்லை. மறுபடியும் இறுக்கியதாகவே முடியும்.

5. இடைவெளியை மறைக்க ‘பீடிங்’ அடிக்கும்போது, தளத்தோடு மட்டுமோ தடுப்போடு மட்டுமோ அடிக்க வேண்டும். இரண்டோடும் சேர்த்து அடித்தால் பீடிங்கே பிளந்துவிடும்.

6. தளத்திலிருந்து தடுப்புக்கு இறங்கும் மின்கம்பியைச் சற்றுத் தொய்வாக விட வேண்டும்.

விரிசலைப் படிக்கக் கற்போம்

சுவரில் விரிசல் கண்டவுடன் அஞ்சுவோரும் உண்டு. எந்த விரிசலையும் சுண்ணாம்பு பூசி மறைப்போரும் உண்டு. இரண்டுமே சரியன்று. தடுப்பும் தளமும் சந்திக்கும் இடத்தில் மயிரிழைபோல நேராக ஓடும் கோடு, பெரும்பாலும் நாம் மேலே கூறிய இயல்பான அசைவின் அடையாளம். ஆனால் தூணிலோ உத்தரத்திலோ காணும் விரிசல், துருவேறிய கம்பி தெரிதல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடி நாளுக்கு நாள் அகலும் பிளவு, நன்றாக இருந்த கதவு திடீரென்று மாட்டிக்கொள்ளுதல் ஆகியவை அபாய அறிவிப்புகள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்பது தெரிந்துவிடும். வளர்ந்தால் காத்திருக்கலாகாது, உடனே பெரியவர்களிடம் கூறிப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

2021 டிசம்பர் 27 அன்று எங்கள் வடசென்னையில், திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 24 வீடுகள் கொண்ட குடியிருப்புத் தொகுதி ஒன்று இடிந்து தரைமட்டமாயிற்று. விரிசலைக் கண்ட மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். ஆதலால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சுவர் சொன்னதை அவர்கள் படித்தார்கள், பிழைத்தார்கள். அது தடுப்புச் சுவரால் வந்த விபத்து அன்று. எனினும் எந்த விரிசல் இயல்பு, எந்த விரிசல் ஆபத்து என்று பகுத்தறியும் கல்வி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அதனைவிடச் சான்று வேண்டுமோ?

முடிவுரை

பெண்பிள்ளைகளுக்குக் கட்டட வேலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தச் சுவர்களுக்குள்தான் நாங்கள் படிக்கிறோம், உறங்குகிறோம். நாளை எங்களில் சிலர் பொறியாளர்களாகி அவற்றைக் கட்டவும் கூடும். அடுத்த முறை உங்கள் வீட்டில் தடுப்பு போட ஆள் வந்தால், “அண்ணே, மேலே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். தேர்ந்த தச்சர் அதனைக் கேட்டு மகிழ்வார். அவசரக்காரர் சற்று நிதானிப்பார். உறுதியாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து, விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு விரற்கடை விட்டுக்கொடுத்து, நம் இல்லங்களைப் பாதுகாப்போமாக!