நாட்டாமையைச் சாகடிக்காதே

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய திரைக்கதையை ஒரே மூச்சில் படித்தேன். வசனமெல்லாம் அச்சு அசலாக நம்மூர்ப் பேச்சு. சென்னைக்குப் போயும் உனக்கு நாக்கு மாறவில்லை, சந்தோஷம். ஆனால் அந்த ஆலமரத்துக் காட்சி! பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுத் தீர்ப்புச் சொல்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார், குடும்ப மானம் பிழைத்துக்கொள்கிறது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

1992 பொங்கலுக்கு 'சின்ன கவுண்டர்', மறுவருஷம் 'எஜமான்', 1994 தீபாவளிக்கு 'நாட்டாமை'. குடும்பத்தோடு கிளம்பிப் போய்ப் பார்த்தோம். நம் பேச்சும் நம் வாய்க்கால் வரப்பும் திரையில் வந்த பெருமை சாதாரணமா? 'நாட்டாமை'க்குக் கதை எழுதிய ஈரோடு சௌந்தர் இந்த மண்ணின் ஆள். அது தெலுங்கில் 'பெத்தராயுடு', இந்தியில் 'புலந்தி' என்று ஊர் ஊராகப் போனது. நம்மூர் மானம் நாடெங்கும் விலைபோன சரக்கு.

இப்போது 'நாட்டாமை'யை மறுபடி போட்டுப் பார். பலாத்காரம் செய்தவனே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் பெரிய நாட்டாமை. அவளுக்குச் சம்மதமா என்று யாராவது கேட்கிறார்களா, கவனி. குண்டடிபட்டு விழுந்தவர், 18 வருஷம் அந்தக் குடும்பத்தைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். அடுத்து மகன், செய்யாத கொலைக்காகச் சொந்தத் தம்பியையே பத்து வருஷம் தள்ளிவைக்கிறார். தீர்ப்புத் தப்பு என்று தெரிந்ததும் அவரும் சாகிறார். ஒரே ஆள் சொல்வதுதான் சட்டம் என்றால் தப்பை யார் திருத்துவது? கேள்வி வாசல்வரை வந்துவிட்டது, அம்மிணி. படமோ தம்பியை அதே இடத்தில் உட்காரவைத்து முடித்துக்கொண்டது. செத்தவரிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது? அழுதுவிட்டு வந்துவிட்டோம்.

2011-ல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். அப்புறமும் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒரு தலித் பையனை வெட்டிக் கொன்றார்கள். மனைவிக்கும் வெட்டு. கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. சினிமாவைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்பது சோம்பேறிப் பேச்சு, நான் சொல்ல மாட்டேன். ஆனால் மகள் கல்யாணம் அப்பனின் மானக் கணக்கில் வருவது என்பதைக் காசு கொடுத்து, கைதட்டி, நாம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்காக மரபே வேண்டாம் என்று கிளம்பிவிடாதே. நம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்கா தங்கச்சிக்கு இணைச்சீர் என்றே ஒரு சடங்கு உண்டு. மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். மணமேடை முன்னால் நின்று அவர் பாட, பெரிய தனக்காரரெல்லாம் வாய்மூடிக் கேட்பார்கள். பாடி முடித்தபின் அவருக்கு எந்தப் பந்தியில் இலை போடுகிறார்கள்? அடுத்த முகூர்த்தத்துக்கு ஊருக்கு வரும்போது நகை, சேலையை விட்டுவிட்டு அதைப் பார். ஆலமரத்தடியில் கிடைக்காத கதை அந்தப் பந்தியில் கிடைக்கும்.

உன் பெரியவர் தப்பாகவே தீர்ப்புச் சொல்லட்டும். சாக மட்டும் விடாதே. மறுநாள் காலை டீக்கடைக்கு வரட்டும். அந்தப் பெண் எதிரே டவுன் பஸ்ஸுக்கு நிற்கட்டும், பஸ் வர நேரமாகட்டும். அந்த இரண்டு பேருக்கும் வசனம் எழுது, பார்க்கலாம்.

எழுதினதும் எனக்கு அனுப்பு. உங்கப்பனுக்கு இப்போதைக்குக் காட்ட வேண்டாம். அவனுக்கு ஆலமரத்துக் காட்சிதான் ரொம்பப் பிடித்துவிட்டது.

உன்
பெரியப்பன்